கண் வில்லை மாற்றினால் என்ன சிக்கல் வரலாம், எப்போது வரும்?

கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது, வில்லை மாற்ற வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இரண்டு பேச்சு கிளம்பும். "கால் மணித்தியால வேலை, மறுநாளே மலைக்கு வேலைக்குப் போகலாம்" என்பார் ஒருவர். "கீழ் டிவிஷனில் ஒருத்தருக்குக் கண்ணே போயிருச்சாம்" என்பார் இன்னொருவர். சத்திரசிகிச்சை பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் முடிவது உண்மை. எப்போதாவது ஒரு கண் போவதும் உண்மைதான். நடுவில் இருக்கிற விஷயத்தைத்தான் யாரும் சொல்வதில்லை: இந்தச் சிகிச்சையில் வரக்கூடிய சிக்கல்களில் அனேகமானவற்றுக்கு ஒரு காலம் உண்டு. சில மேசையிலேயே வரும். சில மூன்றாம் நாள், சில ஆறாம் வாரம், சில ஐந்தாம் வருஷம். எது எப்போது வரும் என்று தெரிந்தவர் நேரத்துக்கு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வார். கண் போன கதைகளை விசாரித்துப் பார்த்தால், நோயை விடத் தாமதமே பல தடவை காரணமாக இருக்கும்.

பூண்டுப் பல்லும் அதன் தோலும்

கண்ணின் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு வில்லை இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய பை. பூண்டுப் பல்லை உரிக்கும்போது, வெளித்தோல் போன பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி போன்ற உள்தோலை நினைத்துக்கொள்ளுங்கள். பல் மங்கிப் பழுத்துவிடுவதுதான் வெண்புரை. வைத்தியர் செய்வது இது: கருவிழியின் ஓரத்தில் 2 முதல் 3 மில்லிமீற்றர் வெட்டு, அதன் வழியே உள்தோலின் முன்பக்கத்தில் சுமார் 5 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு வட்ட ஜன்னல். பிறகு மீயொலி முனையால் பல்லை நொறுக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, தோலை மட்டும் உள்ளே விட்டு, மடித்த செயற்கை வில்லையை அந்தப் பைக்குள் விரிய விடுவார். இதுதான் பேக்கோ. மிகவும் முற்றிய புரைக்கு 6, 7 மில்லிமீற்றர் வெட்டு வைத்து முழுதாக வெளியே எடுக்கும் முறையும் உண்டு. அதிலும் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. "லேசர் அடிச்சாங்க" என்று பலர் சொல்வது இந்த மீயொலியைத்தான்.

அந்தப் பின்தோலின் மெலிவான இடம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நான்கு பங்குதான். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒன்றுகூட இல்லை. பின்னால் பேசப்போகும் சிக்கல்களில் பல இந்தத் தோலோடு சம்பந்தப்பட்டவை.

முற்றட்டும் என்று காத்திருந்தால்

"வெள்ளை நல்லா முத்தின பிறகு எடுக்கலாம்" என்பது பழைய காலத்து ஆலோசனை. இன்றைய முறைக்கு அது நேர் எதிரானது. முற்றிய புரை பழுப்பாகிக் கல்லாகிவிடும். அதை நொறுக்க அதிக மீயொலி வேண்டும். அந்தச் சக்தி கருவிழியின் உட்புறத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் செல்களைக் கொல்கிறது. பிறக்கும்போது கிடைத்த செல்கள்தான், இறந்தால் புதிதாக முளைப்பதில்லை. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீற்றருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கும். சில நூறுக்குக் கீழே போய்விட்டால் கருவிழி தண்ணீர் கோத்து நிரந்தரமாகப் புகைமூட்டமாகும். பிறகு தானக் கருவிழிதான் வழி. டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் புண்ணியத்தில் இலங்கையில் அது கிடைக்கக்கூடியதே. ஆனால் முன்கூட்டியே போயிருந்தால் தேவைப்பட்டிருக்காது. இன்னும் முற்றினால் வில்லை கசிந்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இரவு முழுக்கக் கத்த வைக்கும் வலியோடு அவசரமாகப் போக வேண்டி வரும்.

போவதற்கு முன் வைத்தியரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டியவை சில உண்டு. சிறுநீர்த் தொல்லைக்கு டம்சுலோசின் குளிசை போடுகிற ஆண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும். மேசையில் கண்மணி விரியாது, ஈரத்துணி போல அலைபாய்ந்து வெட்டு வாய்க்குள் வந்து செருகும். குளிசையை நிறுத்தினாலும் அந்தத் தளர்வு முழுதாகப் போவதில்லை. அதனால் நிறுத்துவதை விடச் சொல்வதுதான் முக்கியம், தெரிந்தால் வைத்தியர் அதற்கான ஏற்பாட்டோடு வருவார். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசையையும் தானாக நிறுத்தக் கூடாது. நீரிழிவு, பிரஷர் இரண்டும் கட்டுக்குள் இருக்க வேண்டும். கண்ணின் மூக்கோரத்தில் அமுக்கினால் சீழ் வந்தால் அதைச் சுகப்படுத்திய பிறகே கத்தி வைப்பார்கள்.

இருமலையும் சொல்லுங்கள். பனிக்காலத்தில் மலையில் யாருக்குத்தான் இருமல் இல்லை என்று விட்டுவிடுவோம். ஆனால் கண்ணைத் திறந்து வைத்த நிலையில் ஒரு இருமல் வந்தால் கண்ணுக்குள் அழுத்தம் எகிறும், அந்த நொடியில் முனை பின்தோலைத் தொட்டால் கிழிந்துவிடும். மிக அரிதாக, கண்ணின் பின்சுவரில் இரத்தக் குழாய் வெடிக்கவும் இடமுண்டு. மல்லாக்காக அரை மணி படுக்க முடியாதவர்களும் இதை முன்பே சொல்ல வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்கிற இடம் வெறும் சடங்கல்ல. படிவம் புரியாத மொழியில் இருந்தால், தமிழ் தெரிந்த மிஸ்ஸி (தாதி) ஒருவரைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வதில் தவறே இல்லை.

மேசையில் நடப்பது

பின்தோல் கிழிவது நூறு பேரில் ஒருவர், இருவருக்கு நடக்கிறது. கை தேர்ந்தவருக்கும் நடக்கும். கிழிந்தால் இரண்டு வேலை கூடும். தோலுக்குப் பின்னால் இருக்கும் கூழ் முன்பக்கம் பிதுங்கி வரும், அதை வெட்டி அகற்ற வேண்டும். வில்லையைப் பைக்குள் வைக்க முடியாததால் அதன் முன்னால் வைப்பார்கள், அல்லது வேறொரு நாளில் வைப்பார்கள். வில்லைத் துண்டு பின்னால் விழுந்தால், ஆயிரத்தில் ஓரிருவருக்கு நடப்பது, விழித்திரை வைத்தியர் ஒருவர் இன்னொரு தடவை உள்ளே போய் எடுக்க வேண்டும். இப்படி நடந்த கண்ணுக்கும் பெரும்பாலும் நல்ல பார்வை கிடைக்கும். தொற்று, வீக்கம், விழித்திரை பிரிவது ஆகியவற்றின் வாய்ப்பு மட்டும் கூடும். ஆகவே "உங்களுக்குப் பின்தோல் கிழிந்தது" என்று சொல்லப்பட்டிருந்தால் அதை மறக்காமல் வைத்திருங்கள். மற்றக் கண்ணைச் செய்யும் வைத்தியருக்கும் அது தேவை.

முதல் இரவும் முதல் வாரமும்

கண் கரிப்பது, மண் விழுந்தது போல உறுத்துவது, கொஞ்சம் சிவப்பது, நீர் வடிவது எல்லாம் எதிர்பார்த்தவை. வெட்டு வாய் ஆறும் வரை உறுத்தும். கருவிழி லேசாக வீங்கியிருப்பதால் முதல் இரண்டு மூன்று நாள் பனிக்குள் பார்ப்பது போலத் தெரியும். ஒவ்வொரு நாளும் சற்றே தெளிய வேண்டும், அதுதான் அளவுகோல்.

முதல் இரவில் புருவத்துக்கு மேல் இடிப்பது போல வலித்து வாந்தி வந்தால் அது கண் அழுத்தம். சிகிச்சையின்போது உள்ளே விடும் கூழ் மருந்தின் மிச்சம், கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அடைத்துவிடுவதால் வருகிறது. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையே இருக்க வேண்டிய அழுத்தம் அன்று மாத்திரம் எகிறும். குளிசையாலும் துளியாலும் இறங்கிவிடும். வாந்தியைக் கண்டு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துப் படுக்க வைப்பதுதான் வழக்கமாக நடக்கிற பிழை.

இனிச் சொல்வதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது: கண்ணுக்குள் கிருமி போவது. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வெளிப்படும். கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, அனேகமாக நோயாளியின் சொந்த இமையோரத்திலேயே குடியிருப்பது. அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு முன் 5 வீத அயடின் கரைசலைக் கண்ணில் விட்டுச் சில நிமிஷம் காத்திருப்பார்கள். முடிவில் செபுரொக்சிம் என்ற மருந்து 1 மில்லிகிராம் அளவு கண்ணுக்குள்ளேயே செலுத்தும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஐரோப்பிய ஆய்வொன்று அது தொற்றை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைப்பதாகக் காட்டியது.

எப்படித் தெரியும்? முதலிரண்டு நாள் தெளிந்துவந்த பார்வை திரும்ப மங்கும். அடங்கியிருந்த வலி திரும்பக் கூடும். சிவப்பு அதிகரிக்கும், இமை வீங்கும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் கறுப்பு வட்டத்தின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு தேங்கியிருக்கலாம். அது சீழ். சிலருக்கு வலி பெரிதாக இருக்காது, பார்வை மட்டும் இறங்கும். சுருக்கமாகச் சொன்னால், நேற்றை விட இன்று மோசம் என்றால் போக வேண்டும்.

அதுவும் அன்றைக்கே, அந்த மணித்தியாலமே. சிகிச்சை என்பது கண்ணின் நடுக்கூழுக்குள் ஊசியால் மருந்து செலுத்துவது. துளி மருந்து அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. காலையில் செலுத்துவதற்கும் மறுநாள் செலுத்துவதற்கும் இடையில் விழித்திரை உயிரோடு இருப்பதும் இல்லாததும் தீர்மானமாகிவிடும். இங்கேதான் மலையகத்தின் தூரம் வந்து நிற்கிறது. டிவிஷனிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடை, அங்கிருந்து ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ பஸ், பிறகு கண்டி. கிளினிக் திகதி வியாழக்கிழமைதானே என்று திங்கட்கிழமை வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். கிளினிக் திகதி சுகமாக இருப்பவர்களுக்கானது. வலிக்கிற கண்ணுக்கு அவசர சிகிச்சைப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழைக்கலாம், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் இன்னொரு துளி மருந்து வாங்கிப் போட்டு ஒரு இரவு பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

துளி போடும் முறையிலும் கிருமி நுழையும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தலையை அண்ணாந்து, கீழ் இமையை விரலால் இழுத்தால் ஒரு சின்னக் குழி உண்டாகும். அதில் ஒரே துளி. போத்தலின் நுனி இமையிலோ மயிரிலோ படக்கூடாது, பட்டால் கிருமி போத்தலுக்குள் போய்விடும். இரண்டு வகை மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிஷம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பால் போல இருக்கும் ஸ்டீரொய்ட் துளியைக் குலுக்கித்தான் போட வேண்டும், மருந்து அடியில் தங்கியிருக்கும். தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகிய மூன்றையும் பாட்டி எத்தனை அன்போடு கொண்டுவந்தாலும் இந்த ஒரு மாதம் கண்ணருகே விடாதீர்கள்.

மலைக்கு எப்போது போகலாம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி, சரியான கேள்விதான். பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. தையல் இல்லாத வெட்டு தன் உள்ளழுத்தத்தாலேயே மூடிக்கொள்கிறது. முதல் வாரங்களில் அந்த மூடல் வெறும் ஒட்டல்தான். பாரம் தூக்கி மூச்சைப் பிடிக்கும்போதோ, கண்ணைக் கசக்கும்போதோ அது விலகினால் உள்ளிருக்கும் நீர் கசியும், வெளியிலிருக்கும் கிருமி உள்ளே போகும். கூடையானாலும் சாக்கானாலும் கயிறு தலையில்தான் மாட்டுகிறோம். நிரம்பினால் பத்துக் கிலோவைத் தொடும் பாரம், குனிந்த நடை, செங்குத்தான ஏற்றம். இதைச் சும்மா "பாரம் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டால் போதாது. வைத்தியரிடம் "தலையில் கயிறு மாட்டிக் கொழுந்தெடுக்கிற வேலை" என்று விளக்கமாகச் சொல்லி, எத்தனை வாரம் என்று எழுதி வாங்குங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் பதில் நான்கு வாரத்தை ஒட்டியிருக்கும், பெரிய வெட்டு என்றால் கூடும். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை அதை விடப் பொல்லாதது. வாதுச் சில்லு கண்ணில் தெறித்தால் ஆறிய வெட்டும் திறக்கும். களைநாசினி அடிப்பதும் அப்படியே.

பீலியில் தலை முழுகுவதும் முதல் இரண்டு வாரம் கூடாது. ஓடைத் தண்ணீரில் இருக்கும் சில கிருமிகள் வைத்தியசாலைத் துளிகளுக்கு அடங்குவன அல்ல. கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். தலையை வேறொருவர் பின்பக்கம் சாய்த்துக் கழுவிவிடலாம். விறகடுப்புப் புகையால் கண் எரியும், எரிந்தால் கை தானாகக் கசக்கப் போகும், ஆகவே ஒரு வாரத்துக்கு அடுப்படி வேறொருவர் பொறுப்பு. இரவில் கண் மூடியை ஒட்டிக்கொண்டே படுக்க வேண்டும். தூக்கத்தில் கசக்குவது நம் கட்டுப்பாட்டில் இல்லை.

ஆறாம் வாரம்

நன்றாகத் தெரிந்துவந்த கண், ஒரு மாதம் கழித்து நடுவில் மட்டும் மங்குகிறது. வலியில்லை, சிவப்பில்லை. கதவு நிலையின் நேர்கோடு வளைந்து தெரிகிறது. இது விழித்திரையின் மையப்புள்ளி வீங்குவது. பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரும், நீரிழிவுக்காரருக்கு அதிகம். துளி மருந்தில் அனேகருக்குக் குறையும். அதனால்தான் துளிகளை நான்கு முதல் ஆறு வாரம் வரை படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். சிவப்புப் போய்க் கண் வெளுத்துவிட்டது என்று இரண்டாம் வாரமே நிறுத்துபவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். நேர்மாறாக, மிச்சமிருக்கிறதே என்று அதே ஸ்டீரொய்ட் துளியை மாதக்கணக்கில் போடுவோருக்குச் சத்தமில்லாமல் கண் அழுத்தம் ஏறும்.

இந்தக் காலத்தில்தான் கண்ணாடி அளவும் பார்ப்பார்கள். எதிர்பார்த்த பவர் தவறிப்போவதும் ஒரு சிக்கலே. கண்ணின் நீளத்தை 1 மில்லிமீற்றர் பிழையாக அளந்தால் ஏறக்குறைய இரண்டரையிலிருந்து 3 டயொப்டர் வரை பவர் மாறிவிடும். 1949 நவம்பர் 29 அன்று ஹரோல்ட் ரிட்லி லண்டனில் உலகின் முதல் செயற்கை வில்லையை வைத்தபோது, அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. இன்று பிழை அவ்வளவு பெரிதாவது அபூர்வம், கண்ணாடி போட்டால் சரியாகும். தூரத்துக்கான சாதாரண வில்லை வைத்தவர்களுக்கு வாசிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி எப்படியும் தேவை. அதைச் சிக்கல் என்று யாரும் எண்ண வேண்டாம்.

காசு கொடுத்துப் பல்தூர வில்லை வாங்குவோர் ஒன்றை யோசிக்க வேண்டும். அது ஒளியைப் பங்கு பிரிப்பதால் இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியும், மங்கல் வெளிச்சத்தில் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு தெரிவது குறையும். நுவரெலியா ரோட்டில் பனி இறங்கிய பிறகு லொறி ஓட்டுகிறவருக்கு அது நல்ல தெரிவல்ல. எமது எண்ணம் அவருக்குச் சாதாரண வில்லையே மேல். கருவிழி ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருப்பதால் வரும் சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் டோரிக் வில்லை உள்ளே திரும்பிவிட்டால், ஒவ்வொரு பாகைக்கும் பலனில் ஏறத்தாழ 3 வீதம் போகும். 30 பாகை திரும்பினால் வைத்தும் வைக்காதது போலத்தான். இதனால்தான் கேட்கிறோம்: வில்லையின் பவர் அச்சிட்ட ஸ்டிக்கரை உங்கள் கார்டில் ஒட்டியிருப்பார்கள், அந்தக் கார்டை ரேஷன் அட்டை போலப் பத்திரப்படுத்துங்கள்.

வருஷங்கள் கழித்து

"வெள்ளை திரும்ப வளர்ந்திருச்சு" என்று வருபவர்களுக்குப் புரை வளர்ந்திருக்காது, பூண்டுப் பல் போய்விட்டது. உள்ளே விட்ட பின்தோலில் மிஞ்சியிருந்த செல்கள் பரவி அதை மங்கலாக்கியிருக்கும். சில வருஷங்களுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. யாக் லேசரால் அந்தத் தோலின் நடுவில் சிறு ஓட்டை போடுவார்கள். சில நிமிஷம், வலியில்லை, கத்தியில்லை. இதுதான் உண்மையான லேசர்.

அடுத்தது அப்படி இலேசானதல்ல. விழித்திரை சுவரிலிருந்து பிரிவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக, மாதங்களோ வருஷங்களோ கழித்து வரும். தடித்த மைனஸ் கண்ணாடி போட்டிருந்தவர்களுக்கும், வயது குறைந்த ஆண்களுக்கும், பின்தோல் கிழிந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். கண்ணாடியைக் கழற்றுவதற்காக மட்டும் தெளிந்த வில்லையை மாற்ற நினைக்கும் இளையவர்கள் இதை இரண்டு தடவை யோசிப்பது நல்லது. அறிகுறி: மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனக் கொசுக்கூட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது. வலி அறவே இருக்காது, அதனால்தான் தாமதமாகிறது. திரை நடுப்புள்ளியை மூடும் முன் போனால் பார்வையைக் காப்பாற்றலாம்.

அதைச் சரிசெய்யும் சத்திரசிகிச்சையில் சில வேளை கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து அனுப்புவார்கள். வகையைப் பொறுத்து இரண்டு வாரமோ இரண்டு மாதமோ அது உள்ளே இருக்கும். வெண்புரைச் சிகிச்சை முடிந்து மலையேறுவதில் ஆபத்தில்லை, குமிழியோடு ஏறுவதில் இருக்கிறது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், குமிழி விரியப் பார்க்கும். கொழும்பில் வைத்த குமிழி 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் நான்கில் ஒரு பங்கு விரிய முயலும். கண்ணுக்குள் அதற்கு இடமில்லாததால் அழுத்தம் எகிறி, விழித்திரைக்கு இரத்தம் போவதே நிற்கலாம். பதுளை தாழ்வுதானே என்று ரயிலில் ஏறினாலும் வழியில் பட்டிப்பொல ஏறத்தாழ 1,890 மீற்றரில் இருக்கிறது. விமானத்தில் போகாதீர்கள் என்று எல்லா வைத்தியர்களும் சொல்வார்கள். நோயாளியின் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்க எல்லோருக்கும் தோன்றாது. ஆகவே குமிழி வைக்கும் முன்பே ஊரின் பெயரைச் சொல்லிவிடுங்கள். வாயுவுக்குப் பதில் சிலிக்கன் எண்ணெய் வைக்கலாம், அது உயரத்துக்கு விரியாது. வாயுதான் என்றால் குமிழி கரைந்து போகும் வரை கீழே உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும்.